ஃப்ரீலிங் காட்டுக்கு ஒரே வெடி

ஓரின் டெஸ்டாலை ஓர் இடத்தில் உட்கார வைக்க எவராலும் முடிந்ததில்லை. தேவாலயத்தில் பாதிரியார் பிரசங்கத்தைத் தொடங்கும் முன்பே அவனுடைய முழங்கால் ஆடத் தொடங்கிவிடும். பெஞ்சு அதிரும், முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அவன் மனைவி மார்வா தன் கையை அந்த முழங்காலின் மேல் வைத்து அழுத்துவாள். அவள் கை எடுத்த மறுகணம் மறுபடி ஆட்டம். காபியை நின்றபடியே குடிப்பான். அவர்களுடைய கல்யாண விருந்தில்கூட மாப்பிள்ளை மேசைக்கு மேசை நடந்துகொண்டேதான் கேக் தின்றான். தீவன ஆலையில் லாரி ஓட்டும் வேலை அவனுக்கென்றே கடவுள் செய்துவைத்தது. ஒரு பண்ணையில் இறக்கிவிட்டு அடுத்த பண்ணைக்கு ஓடலாம், எங்கும் நிற்க வேண்டியதில்லை.

மான் வேட்டையிலும் அவன் நடக்கிற கூட்டம்தான். தெற்கு அயோவாவில் டிசம்பர் பிறந்தால் ஆண்கள் ஆறேழு பேராகச் சேர்வார்கள். பாதிப் பேர் காட்டின் ஒரு முனையில் துப்பாக்கியோடு நிற்பார்கள். மீதிப் பேர் மறுமுனையிலிருந்து கத்திக்கொண்டு, கிளைகளைத் தட்டிக்கொண்டு வருவார்கள். மான்கள் எழுந்து ஓடும், நிற்பவர்கள் சுடுவார்கள். எங்கள் பக்கம் மானுக்கு ரைஃபிள் கூடாது என்று சட்டம். வீடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கிற ஊரில் அந்தக் குண்டு எங்கே போய் நிற்கும் என்று யார் சொல்ல முடியும்? அதனால் இரண்டே வழிதான். ஒன்று தோட்டாத் துப்பாக்கி: கட்டைவிரல் பருமனுக்கு ஓர் ஈயக்கட்டியைத் துப்பும், அடுத்தடுத்து ஐந்து முறை துப்பும். மற்றது மருந்துத் துப்பாக்கி: குழலின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். ஒரு வெடி வைத்தால் அடுத்த வெடிக்குள் மான் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

டெஸ்டால் வீட்டு ஆட்கள் என்றைக்கும் தோட்டாக்காரர்கள். ஓரினின் அண்ணன் கேலன், அப்பா விட்டுப்போன பழைய துப்பாக்கியைத்தான் தோளில் மாட்டுவான். அப்பா விட்டுப்போனது அது ஒன்றுதான். நிலம் எண்பதுகளில் வங்கிக்குப் போனது, வங்கியிடமிருந்து ஃப்ரீலிங் குடும்பத்துக்குப் போனது. ஓடைக்கரையில் இருந்த ஓக் மரக் காடும் அதோடு போனது. ஆனால் வேட்டைக்கு மட்டும் வரலாம் என்று ஃப்ரீலிங்குகள் சொல்லியிருந்தார்கள். வருஷத்தில் அந்த இரண்டு மூன்று நாள்தான் அண்ணனும் தம்பியும் அப்பாவின் மண்ணில் கால் வைப்பது. மற்ற நாட்களில் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதும் கிடையாது. சண்டை ஒன்றும் இல்லை. பேச்சு வராது, அவ்வளவுதான்.

ஒரு டிசம்பரில்தான் வினை வந்தது. ஒரு பெட்டை மான் மேட்டு விளிம்பில் தலைதெறிக்க ஓட, ஆறு பேரும் சுட்டார்கள். ஓரினும் நடந்துகொண்டே இரண்டு வெடி வைத்தான். மான் தப்பிவிட்டது. யாருடைய ஈயக்கட்டியோ ஒன்று மேட்டைத் தாண்டிப் போய், ரோமா ஃப்ரீலிங்கின் பன்றிகள் குட்டி போடும் கொட்டகையின் தகரத்தைத் துளைத்து, குட்டிகளுக்குச் சூடு காட்டும் விளக்கை நொறுக்கிவிட்டது. ரோமா அந்த விளக்கை அப்போதுதான் தாழ்த்திக் கட்டிவிட்டு நகர்ந்திருந்தாள்.

அவள் கத்தவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டே காட்டு விளிம்புக்கு வந்தாள். "யாரு சுட்டது?" என்று கேட்டாள். ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"சரி. அவங்கவங்க குண்டு எங்க போச்சுன்னாவது சொல்லுங்க."

தன் குண்டு போன இடத்தை ஒருவனாலும் காட்ட முடியவில்லை. மறுநாள் வேலிக் கதவில் சங்கிலி தொங்கியது.

ஓரினுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. பனி உருகியதும் அந்த மேட்டுக்கு எதிர்ப்புறமிருந்து போய், சாலையோரம் நின்று, தன் இரண்டு குண்டுகளும் பட்டிருக்கக்கூடிய மரங்களைக் கண்ணால் துழாவினான். எதிலும் தழும்பு தெரியவில்லை. லாரியில் போகும்போது அதே நினைப்பு, சாப்பிடும்போது அதே நினைப்பு.

"உன் குண்டுதான்னு யாருய்யா சொன்னது?" என்றாள் மார்வா.

"என் குண்டு இல்லன்னு யாரு சொன்னது?"

"அப்ப இன்னும் அஞ்சு பேரு இருக்காங்கள்ல? அவங்கெல்லாம் நல்லாத் தூங்கறாங்க. நீ மட்டும் வீட்டுக்குள்ள நடந்து நடந்து தரைவிரிப்பைத் தேச்சுட்ட."

கோடையில் அவன் பக்கத்து ஊர்க் கடைக்குப் போய் ஒரு பழைய மருந்துத் துப்பாக்கி வாங்கி வந்தான். ஒரே வெடிதான் என்றால் மனுஷன் யோசித்துத்தானே சுடுவான் என்பது அவன் கணக்கு. கேலன் அதைக் கையில் வாங்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "நீ ஒரு நிமிஷம் நிக்க மாட்ட. இதைக் கெட்டிக்கவே ஒரு நிமிஷம் ஆகும்டா" என்றான்.

ரோமாவின் பன்றிகளுக்குத் தீவனம் கொண்டுபோவதும் ஓரின்தான். செப்டம்பரில் ஒருநாள், லாரியின் குழாய் தீவனத்தைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருக்கும்போது, அவன் வாய்திறந்தான்.

"ரோமா, இந்த வருஷம்..."

"முடியாது."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"உன் கால் ஆடறதே கேக்குது." அவள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவள். சொன்ன வார்த்தையை மாற்றிய வழக்கம் அவளுக்கு அப்போதும் கிடையாது. லாரிக் குழாய் நின்றதும் தொட்டி மூடியைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "ஒரு ஆளு. ஒரு துப்பாக்கி. ஒரே ஒரு வெடி, மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடையைப் பாத்து உட்கார்ந்துகிட்டு. கூட்டமா வந்து கத்தறது, தொரத்தறது எதுவும் வேண்டாம். யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. அந்த ஒரு வெடி ஒழுங்காப் போச்சுன்னா அடுத்த வருஷத்தைப் பத்திப் பேசலாம். இல்லன்னா சங்கிலி சங்கிலியாவே இருக்கும், நான் சாகற வரைக்கும்."

சோயா அறுவடை முடிந்த ஞாயிற்றுக்கிழமை கேலன், ஓரின், மார்வாவின் தம்பி வெண்டல் மூவரும் சரளைக் குழிக்குப் போனார்கள். நூறு தப்படி எட்டத்தில் அட்டை கட்டினார்கள். ரோமா சொன்ன மேட்டிலிருந்து ஓடைக்கு ஏறக்குறைய அவ்வளவு தூரம் வரும்.

வெண்டலிடம் புதுத் தோட்டாத் துப்பாக்கி. குழலின் உள்ளே திருகுபோல் வரி ஓடும், மேலே தூரக்கண்ணாடி பொருத்தியிருந்தது. மூன்று குண்டும் ஒரு காபித் தட்டுக்குள் அடங்கின. வெண்டல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். அந்தப் பெட்டி தீர்ந்துபோக, வேறு கம்பெனிப் பெட்டியைப் பிரித்துப் போட்டான். குண்டு அட்டையின் கீழ்மூலைக்குப் போய்விட்டது. அடுத்ததும் அங்கேதான்.

"கண்ணாடி ஆடிப்போச்சு" என்றான் வெண்டல்.

"கண்ணாடி ஆடலடா. உன் துப்பாக்கிக்கு அந்தச் சாப்பாடு பிடிக்கல" என்று கேலன் சிரித்தான்.

"பழைய பெட்டி மாதிரி வேணும்னா கடைக்காரன் ஜனவரியிலதான்கறான். எனக்கு எதுக்கு? உங்கப்பா காடு. நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கோங்க."

கேலனின் பழைய துப்பாக்கியில் குழல் உள்ளே வழுவழு, முனையில் ஒரு பித்தளைப் பொட்டுதான் குறி. முதல் வெடி நடுவுக்குப் பக்கத்தில் பட்டது. கேலன் தம்பியைத் திரும்பிப் பார்த்தான். இரண்டாவது ஒரு சாண் வலதில். மூன்றாவது அட்டையின் மேல் விளிம்பில். நான்காவது அட்டையிலேயே இல்லை. மொத்தத்தையும் மூட ஒரு பாத்திரம் கழுவும் தொட்டி வேண்டும்.

ஓரின் மருந்தை அளந்து கொட்டினான், குண்டை இடித்து இறக்கினான், மருந்துக்குப் பொறி தரும் கேப்பு வைத்தான். வெடித்தது, புகை சூழ்ந்தது, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. புகை விலகிப் பார்த்தால் குண்டு ஒரு சாண் மேலே, இடது பக்கம்.

"இதுக்குத்தான் போன பனிக்காலத்துல இருந்து புலம்பினியா?" என்றான் கேலன்.

ஓரின் மறுபடி கெட்டித்தான். இரண்டாவது நடு. மூன்றாவது அதன் தோளிலேயே. நான்காவது இரண்டுக்கும் நடுவில். ஒரு ஜாடி மூடியால் மூன்றையும் மூடிவிடலாம். மறுநாள் வந்து சுட்டபோதும் அதே கதை. சுத்தமான குழலில் எண்ணெய்ப் பசையில் வழுக்கிக்கொண்டு முதல் குண்டு மேலே போகும். ஒரு வெடியில் கரி பிடித்துவிட்டால் அப்புறம் சொன்ன இடம்தான்.

"அப்ப முந்தின நாளே ஒரு வெடி வச்சு, கரியோட எடுத்துட்டுப் போனா?" என்றான் ஓரின்.

கேலன் தன் அட்டையையும் தம்பியின் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தான். முதல் வெடி அவனுடையதுதான் நல்லது. ஆனால் அதே இடத்தில் நாளைக்கும் படும் என்று அவனால் சொல்ல முடியாது. அது அவனுக்கே தெரிந்துவிட்டது. அப்பாவின் துப்பாக்கியை உறையில் போட்டு இழுத்துக் கட்டினான்.

"நீயே போ. ஆனா ஒண்ணு, உட்காரணும்டா. அங்க போயி நடந்துகிட்டு இருந்தின்னா நானே வந்து உதைப்பேன்."

மருந்துத் துப்பாக்கிக்காரர்களின் பருவம் கிறிஸ்துமஸை ஒட்டி வரும். போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் ஓரின் வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் ஒரு வெடி வைத்தான். கரி பிடித்த துப்பாக்கியைக் குளிர்ந்த தாழ்வாரத்தில் சாத்தினான். உள்ளே வந்து மார்வா வைத்திருந்த காரப் பீன்ஸையும் இலவங்கப்பட்டை ரொட்டியையும் தின்றான். தின்று முடிந்ததும் கைக்கு வேலை இல்லை. எழுந்தான், உட்கார்ந்தான், ஜன்னலில் பனியைப் பார்த்தான், அலமாரிக் கதவின் திருகை முடுக்கினான். பிறகு வெந்நீர் வைத்தான்.

இந்த மருந்தைச் சுடுகிறவர்கள் எல்லோருக்கும் முதலில் சொல்லித்தருவது ஒன்றே: அன்றைக்கே கழுவு, இல்லாவிட்டால் விடிவதற்குள் குழலைத் துரு தின்றுவிடும். அறுவடை முடிந்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் சுட்டுவிட்டு வந்து கழுவிக் கழுவி அவன் கைக்கு அது தானாக வரும். சோப்புத் தண்ணீரை ஊற்றினான், துணியை விட்டு இழுத்தான், கறுப்பு வரவர இழுத்தான், வெள்ளையாக வந்தபின் எண்ணெய் தடவினான். பளபளவென்று ஆக்கிவிட்டு நிம்மதியாகப் படுக்கப் போனான்.

காலையில் மேட்டின் ஓடைப் பக்கச் சரிவில், ஓர் ஓக் மரத்தடியில், வேட்டைக்காரர்கள் போடும் செம்மஞ்சள் சட்டையோடு உட்கார்ந்தான். கெட்டித்தாயிற்று, கேப்பு வைத்தாயிற்று. முழங்கால் ஆடியது. ஒரு கையால் பிடித்துக்கொண்டான். மறு முழங்கால் ஆடியது. எழுந்து நிற்காமல் இருப்பதே பெரிய வேலையாக இருந்தது, அப்படியும் எழுந்து எழுந்து உட்கார்ந்தான். மூக்கு ஒழுகியது, கால்விரல் மரத்தது, ஒரு மரங்கொத்தி தட்டிக்கொண்டே இருந்தது, அதை எட்டி உதைக்க வேண்டும்போல் வந்தது.

அப்போது ஓடையிலிருந்து ஒரு பெட்டை மான் ஏறி, அவனைத் தாண்டி மேட்டுச் சரிவுக்கு வந்தது. பக்கவாட்டில் திரும்பி நின்றது. இதைவிட நல்ல நிலை யாருக்கும் கிடைக்காது. ஓரின் குறிவைத்தான். குழலின் மேல் விளிம்பு வெயிலில் மினுங்கியது. அதில் கரியே இல்லை.

கழுவிவிட்டேன். நானே கழுவிவிட்டேன்.

ஒரு சாண் மேலே, இடது பக்கம். அப்படியானால் ஒரு சாண் கீழே, வலது பக்கம் வைத்தால்? ஆனால் அந்த ஒரு சாண் எப்போதும் சரியாக ஒரு சாணா? மானின் முதுகுக்கு மேலே மேடு தெரிந்தது. மேட்டுக்கு மேலே, மரங்களின் இடுக்கில், கொட்டகைத் தகரத்தின் ஒரு துண்டு தெரிந்தது. விரல் விசையில் இருந்தது. மான் ஒரு காதைத் திருப்பியது, பிறகு நடந்து போய்விட்டது.

இனி உட்கார முடியாது. எழுந்தான். நாலு எட்டு போனான், திரும்பி வந்தான். கீழே ஓடைப் பள்ளத்தில் ஒரு காட்டன்வுட் மரம் விழுந்து கிடந்தது, அதன் பின்னால் முழுக்க மண் கரை. அதன் அடிமரத்தில் ஒரு முடிச்சைப் பார்த்தான், குறிவைத்தான், சுட்டான். காடு முழுக்கப் புகை. அவசர அவசரமாக மறுபடி கெட்டித்தான். கோலை உருவுவதற்குள் மேட்டின் மேல் ரோமா நின்றாள்.

"மான் எங்க?"

"மானைச் சுடல."

"வெடிச் சத்தம் கேட்டுது. ஒரு வெடின்னு சொன்னேன்."

"அது குழலுக்கு, ரோமா. நேத்து ராத்திரி தெரியாம கழுவிட்டேன். கழுவின குழல்ல முதல் குண்டு சொன்ன இடத்துக்குப் போகாது. மான் நின்னுச்சு. பின்னால உன் கொட்டாய் தெரிஞ்சுது. அதான் சுடல."

ரோமா அவனையும் துப்பாக்கியையும் மாறிமாறிப் பார்த்தாள். "குண்டு எங்க போச்சு?"

போன வருஷமும் அவள் கேட்டது இதையேதான். ஓரின் முன்னால் நடந்தான். விழுந்த மரத்தருகே பனியில் மண்டியிட்டு, முடிச்சுக்கு மேலே இடது பக்கம் இருந்த துளையைக் காட்டினான். ரோமா கையுறையைக் கழற்றி விரலை உள்ளே விட்டாள். சூடு இருந்ததோ என்னவோ, சட்டென்று எடுத்தாள்.

"குறி எது?"

"அந்த முடிச்சு."

"அப்ப தப்பிடுச்சு."

"தப்பும்னு தெரிஞ்சுதான் மண் கரையைப் பாத்துப் போட்டேன்."

"இப்ப உள்ள இருக்கறது?"

"முடிச்சுல போகும்."

"போடு, பாக்கலாம்." அவள் மேட்டைக் காட்டினாள். "அங்கேருந்து. முடிச்சுல பட்டுச்சுன்னா நாளைக்கும் வா, அடுத்த வருஷமும் வா. படலன்னா உன் அண்ணனையும் கூட்டிட்டு வேற எங்கயாவது போய்க்கோ. இதுதான் கடைசிப் பேச்சு."

ஓரின் மேட்டுக்கு ஏறினான். ஓக் மரத்தடியில் உட்கார்ந்தான். முழங்கால் ஆடியது. அதன்மேல் முழங்கையை ஊன்றினால் குழல் முனை காற்றில் எழுதுகிறது. ரோமா பக்கத்தில் நின்று முடிச்சையே பார்த்தாள். அவன் மூச்சைப் பாதி விட்டான். முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. குறி முடிச்சுக்கு வந்தது, போனது, வந்தது. வந்தபோது விசையை அழுத்தினான்.

இருவரும் இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். முடிச்சின் ஓரம் பிளந்திருந்தது. நடு இல்லை, ஆனால் முடிச்சுதான்.

"ஓரம்" என்றாள் ரோமா.

"முடிச்சோட ஓரம்."

"ம்." கையுறையை மாட்டிக்கொண்டாள். "நாளைக்கு வா. ஒரு துப்பாக்கி, ஒரு வெடி. குழலுக்குப் போடற வெடியை உன் வீட்டிலயே போட்டுட்டு வா, என் பன்னிங்க பயப்படுது."

அன்று சாயங்காலம் ஓரின் அண்ணன் வீட்டுக்குப் போனான். கேலன் சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டான். மான் நின்றதையும் சுடாமல் விட்டதையும் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டான். முடிச்சைச் சொன்னபோது தட்டைத் தள்ளி வைத்தான்.

"அப்ப இனிமே நீ ஒருத்தன்தான் போவ."

"ஒரு துப்பாக்கின்னு சொன்னா, அண்ணே."

"அதைத்தான் சொல்றேன். நீ மட்டும்."

ஓரின் குளிர்ப்பெட்டியில் சாய்ந்தான், நிமிர்ந்தான், கதவுவரை போய்த் திரும்பினான். கேலன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்தியா நீ?"

"இல்ல. மூணு தடவை எழுந்துட்டேன். மான் பாக்காதது என் அதிர்ஷ்டம்."

கேலனுக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தமாகவே சிரித்துவிட்டான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு ஆளுன்னு சொன்னாளா, ஒரு துப்பாக்கின்னு சொன்னாளா? கடைசியா என்ன சொன்னா?" என்று கேட்டான்.

"கடைசியா... ஒரு துப்பாக்கி, ஒரு வெடி."

"ஆளைப் பத்திப் பேசலைல்ல?"

"பேசல."

"அப்ப நான் வெறுங்கையோட வர்றேன். நீ எழுந்தா தோளைப் பிடிச்சு அழுத்தறதுக்கு ஒரு ஆளு வேணும்."

மறுநாள் காலை ஓக் மரத்தடியில் இரண்டு செம்மஞ்சள் சட்டைகள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. துப்பாக்கி ஒன்றுதான், குழலில் கரி. தம்பியின் முழங்கால் ஆடும்போதெல்லாம் அண்ணனின் கை அதன்மேல் விழுந்தது. எழப் பார்த்தபோதெல்லாம் தோளில் விழுந்தது. "மூச்சு விடுடா", "மூக்கை உறிஞ்சாதே", "அந்தப் பக்கம் பாக்காதே, இந்தப் பக்கம் பாரு" என்று காதுக்குள் பேசிக்கொண்டே இருந்தான். இத்தனை வருஷத்தில் அவ்வளவு பேசியதே கிடையாது.

பனி உருகத் தொடங்கிய நேரத்தில் ஒரு பெட்டை மான் ஓடைப் பள்ளத்தில் இறங்கியது. பின்னால் மண் கரை. கேலனின் கை தோளில் இறுகியது, பிறகு விலகியது. வெடித்தது. புகை விலகியபோது மான் நின்ற இடத்திலேயே விழுந்து கிடந்தது.

அவர்கள் இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் ரோமா வந்துவிட்டாள். கேலனைப் பார்த்தாள். கேலன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

"நான் ஒண்ணும் கொண்டு வரல, ரோமா."

"வாயைக் கொண்டு வந்திருக்க. மேட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் உன் முணுமுணுப்பு கேட்டுது." அவள் குனிந்து மானின் விலாவில் இருந்த துளையைப் பார்த்தாள். மறுபக்கம் புரட்டி, குண்டு வெளியேறிய இடத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து அதற்கு நேர் பின்னால் மண் கரையில் சிதறியிருந்த பனியையும் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பின்னந்தொடை ஒண்ணு எனக்கு. நாளைக்கு அறுத்துக் கொண்டு வாங்க, ரெண்டு பேருமே."